கிரெல்பியில் வானம் ஓசி

கிரெல்பி ஊரில் எவரை நிறுத்தி, விமான சாகசம் பார்க்க ஜனங்களிடம் காசு வாங்கலாமா என்று கேட்டாலும், வாங்கவே கூடாது என்றுதான் சொல்வார்கள். சொல்வதோடு விடமாட்டார்கள். கடல் யாருடையது, மணல் யாருடையது, வானத்துக்கு எவன் பட்டா வாங்கி வைத்திருக்கிறான் என்று கால்மணி நேரம் பொரிந்து தள்ளுவார்கள். ஆகஸ்டு பிறந்ததும் மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து கரையில் முன்வரிசையில் போட்டுக்கொள்வார்கள். அந்த நாற்காலிகளுக்கு நடுவே பத்தொன்பது வருஷம் மஞ்சள் வாளியோடு குனிந்து குனிந்து நடந்தவர் கிளிஃபர்ட் கார்பட்.

ஆகஸ்டில் இரண்டு நாள் அந்தக் கடற்கரையின் மேல் விமானங்கள் பறக்கும். போர்க்காலத்துக் கிழட்டு விமானங்கள் முக்கிக்கொண்டு போகும். ஜெட்டுகள் வயிற்றைக் கலக்கும். ஒன்பது சிவப்பு விமானங்கள் புகையால் கோலம் போட்டுவிட்டுப் போகும். செலவு நகராட்சியுடையது. பார்ப்பவர்கள் மனசு வந்தால் வாளியில் ஏதாவது போடலாம். போட்டவர்கள் சட்டையில் வாளிக்காரர்கள் நீல விமானம் அச்சடித்த வட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார்கள். ஸ்டிக்கர் ஒட்டியவரிடம் மறுபடி வாளியை நீட்டக் கூடாது. எழுதி வைக்காத சட்டம் இது. கொடுத்தவரிடமே இன்னொரு தரம் கேட்பதைவிடப் பெரிய மானக்கேடு அந்த ஊரில் கிடையாது.

கிளிஃபர்ட் ஒன்றும் விமானப்படையில் இருந்தவர் இல்லை. முப்பத்தொரு வருஷம் பஸ் பணிமனையில் மெக்கானிக். வாழ்நாளில் ஒரே ஒரு தரம் விமானம் ஏறினார், மனைவி எனிட்டோடு ஸ்பெயினுக்கு. போகும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி. ஆனால் கண்ணைக் கட்டி நிறுத்தினாலும் சத்தத்தை வைத்து எந்த விமானம் என்று சொல்லிவிடுவார்.

அவருக்கு எட்டு வயசில் நடந்தது இது. பக்கத்து விமானத் தளத்தில் ஒருநாள் ஜனங்களுக்காகக் கதவு திறந்தார்கள், ஆளுக்கு ஒரு ஷில்லிங். அப்பா பீட்ரூட் வயலில் கூலி, வீட்டில் ஐந்து பிள்ளைகள். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அப்பா ஐவரையும் கம்பி வேலிக்கு வெளியே சேற்றில் நிறுத்திவைத்தார். இங்கிருந்தும் அதே விமானம்தான் என்றார். காக்கி போட்ட ஒருவன் வேலி ஓரமாக நடந்துவந்து, "ஓசில பாக்கற கூட்டமா? நகருங்க, நகருங்க" என்று கையை ஆட்டினான். அப்பா தொப்பியைக் கழற்றி, மன்னிப்புக் கேட்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார். அப்பா மன்னிப்புக் கேட்டதைத்தான் கிளிஃபர்டால் எழுபது வயசுக்கு அப்புறமும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அதனால்தான் கிரெல்பியில் ஓசிக் காட்சி ஆரம்பித்த முதல் வருஷமே வாளியைத் தூக்கினார். எனிட் புற்றுநோயில் படுத்த படுக்கையாகக் கிடந்த ஆகஸ்டில்கூட இரண்டு மணி நேரம் கரையில் நின்றுவிட்டு வந்தார். "போயிட்டு வா கிளிஃப், நீ போகலைன்னா எனக்குத்தான் நிம்மதி இருக்காது" என்று அவள்தான் அனுப்பினாள். அக்டோபரில் அவள் போய்ச் சேர்ந்தாள். வீட்டை விற்றுவிட்டு ஒற்றை அறைக்குக் குடிபோனபோது, மிச்சமிருந்த ஸ்டிக்கர் பெட்டிகளைத் தங்கை முரியலின் விடுதியில் மாடிப்படிக்குக் கீழே வைத்தார். முரியல் மேட்டுத் தெருவில் கடலைப் பார்த்தபடி பத்து அறை விடுதி நடத்துகிறாள். தன் வீட்டைவிடப் பத்திரமான இடம் என்றுதான் அவர் நினைத்தார்.

அவருக்கு எழுபத்தொரு வயசான பிப்ரவரியில் நகராட்சி மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். சுற்றுலாவுக்குப் பொறுப்பான உறுப்பினர் திருமதி விண்டல் எழுந்து, நகராட்சியால் இனிச் செலவு தாங்காது, கடல் தெரியாதபடி கரை நெடுக வேலி போட்டு ஆளுக்கு எட்டு பவுண்டு வாங்கலாம் என்றார். கூட்டம் ஊளையிட்டது. காசு வாங்கக் கூடாது என்று ஐயாயிரம் பேர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்த மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு கிளிஃபர்ட் எழுந்தார். மண்டபம் அடங்கியது.

"வேலி போட்டா வெளிய யாரு நிப்பான்னு நினைக்கறீங்க?" என்று கேட்டார். "காசு இருக்கறவன் உள்ள போயிடுவான். நாலஞ்சு புள்ளைங்களை வெச்சிருக்கறவன்தான் வெளிய நிப்பான். விமானம் பறக்கற வரிப்பணத்துல அவனோடதும் இருக்கு. நான் வெளிய நின்னவன். அதனால சொல்றேன்."

கைதட்டல் அடங்கும்வரை திருமதி விண்டல் பொறுமையாக நின்றார். கெட்டிக்காரி, ஆனால் கெட்டவள் இல்லை.

"மிஸ்டர் கார்பட், போன வருஷம் கரையில எண்பதாயிரம் பேர். உங்க வாளில விழுந்ததை ஆளுக்குப் பங்கு போட்டா பதினோரு பென்ஸ் வருது. பொரிச்ச உருளைக்கிழங்கு ரெண்டு துண்டு தருவானா அதுக்கு?"

"கேக்கற விதத்துல கேட்டா குடுப்பாங்கம்மா. நிலைமையைச் சொன்னா குடுப்பாங்க. எங்க ஜனத்தை எனக்குத் தெரியும்."

"நானும் இதே ஊர்லதான் பொறந்தேன்."

"அப்படின்னா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கணுமே!"

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. திருமதி விண்டலின் முகம் சிவந்தது. ஆனால் அவர் உட்காரவில்லை.

"சரி, ஒரு ஒப்பந்தத்துக்கு வர்றேன். இந்த ஆகஸ்டுல தலைக்கு ஒரு பவுண்டு விழட்டும். ஒரே ஒரு பவுண்டு. விழுந்துட்டா வேலிங்கற பேச்சை நானே குப்பையில போடறேன். விழலைன்னா அடுத்த வருஷம் வேலி. அப்ப யாரும் என்கிட்ட வந்து கத்தக் கூடாது. ஊர் சார்பா நீங்க வாக்குக் குடுக்கறீங்களா?"

கிளிஃபர்ட் திரும்பி ஜனங்களைப் பார்த்தார். அத்தனை பேரும் தலையாட்டினார்கள். முரியல் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும்விட வேகமாக ஆட்டினாள்.

"குடுக்கறேன்" என்றார்.

அன்று அவரைத் தோளில் தூக்காத குறையாக மதுக்கடைக்கு அழைத்துப் போனார்கள். "நம்ம கிளிஃப் மாதிரி ஒரு ஆள் உண்டா" என்று ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். பீர் மேல் பீர் வந்தது. கடைசியில் கடைக்காரர் பில்லோடு வந்து நின்றபோது பாதிப் பேர் கழிவறைக்கும் மீதிப் பேர் கோட்டைத் தேடவும் போயிருந்தார்கள். கிளிஃபர்டே கொடுத்தார். அன்றைக்காவது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஜூன் மாதம் ஸ்டிக்கர் பேச்சு வந்தது. வில்ஃப் என்பவர் அவருக்கு வலதுகை. ஓய்வுபெற்ற தபால்காரர், வாளிக்காரர்கள் நாற்பது பேருக்கும் எந்த இடத்தில் யார் என்று பிரித்துவிடுகிறவர்.

"இந்த வாட்டி வருஷத்தைப் போட்டு புதுசா அடிச்சிடலாம் கிளிஃப். கலரையும் மாத்திடலாம்" என்றார் வில்ஃப்.

"எதுக்கு? முரியல் வீட்டுல பழசு நாலு பெட்டி கிடக்கு. நகராட்சிக் காசு அது. குப்பையிலயா கொட்டறது?"

"அதுக்கில்ல. ஜனங்க போன வருஷத்து ஸ்டிக்கரையே ஒட்டிக்கிட்டு வந்துட்டா?"

கிளிஃபர்ட் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "ஒரு பவுண்டு மிச்சம் பிடிக்க எவனாவது காகிதத் துண்டை ஒரு வருஷம் பத்திரப்படுத்தி வெப்பானா? நம்ம ஜனத்தைப் பத்தி என்னய்யா நினைச்சுக்கிட்டிருக்கே? வருஷத்தைப் போட்டா அவங்களைத் திருடன்னு நாமளே சொன்ன மாதிரி ஆகாதா?"

வில்ஃப் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்து வாயில் போட்டு, பேச்சை மழைக்கு மாற்றிவிட்டார். கிளிஃபர்டைப் பிடித்து உலுக்க வேண்டிய இடம் இதுதான். நல்லவனாக இருப்பது வேறு, அடுத்தவனையும் நல்லவன் என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டே ஒரு ஆயுசைக் கழித்துவிட்டார் மனுஷன்.

ஆகஸ்டு சனிக்கிழமை வந்தது. அந்தக் கடலோரத்தில் வருஷத்துக்கு நாலு நாள் கிடைக்கும் வெயில் அன்றைக்குப் பார்த்து அடித்தது. பத்து மணிக்கே மணல் தெரியாத அளவுக்குக் கூட்டம். வினிகர் ஊற்றிய உருளைக்கிழங்கு வாசனை வீசியது. சூரியனைக் கண்டறியாத வெள்ளைத் தோள்கள் சிவந்து எரிய ஆரம்பித்திருந்தன. ஒலிபெருக்கியில் அரைமணிக்கு ஒருதரம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்: ஆளுக்கு ஒரு பவுண்டு, இல்லாவிட்டால் அடுத்த வருஷம் வேலி. ஒவ்வொரு தரம் சொன்னபோதும் கரை முழுக்க ஆமாம் ஆமாம் என்று கைதட்டியது.

கிளிஃபர்டுக்கு வலது முழங்கால் வீங்கியிருந்தது. அதைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, படகுத்துறையிலிருந்து கிழக்கே நடந்தார். முதல் வரிசையில் எல்லார் நெஞ்சிலும் நீல விமானம். இரண்டாம் வரிசையிலும் அப்படியே. நாய் ஒன்றின் கழுத்துப் பட்டையில்கூட ஒட்டியிருந்தது.

"பாத்தியா வில்ஃப்?" என்று வழியில் எதிர்ப்பட்ட வில்ஃபின் தோளைப் பிடித்தார். "நமக்கு முன்னாடியே யாரோ சுத்தி வந்துட்டாங்க. எல்லாரும் குடுத்துட்டாங்கய்யா! நாய்கூடக் குடுத்திருக்கு!"

"ம்" என்றார் வில்ஃப், கடலைப் பார்த்துக்கொண்டு.

முட்டைக்கோஸ் வயலில் வேலை செய்யும் போலந்துக்காரப் பெண் ஒருத்தி கைப்பையைத் துழாவி ஐந்து பவுண்டுத் தாளை எடுத்து வாளியில் போட்டாள். ஸ்டிக்கர் நீட்டினார். சட்டை கெட்டுவிடும், வேண்டாம் என்று சிரித்தாள். அதன்பிறகு அவர் தாண்டிப் போன இருநூறு முந்நூறு பேரில் ஒருவரிடம்கூட வாளியை நீட்ட வேண்டியிருக்கவில்லை, அத்தனை பேரும் ஸ்டிக்கர்காரர்கள். கிளிஃபர்டின் முகத்தில் கல்யாண வீட்டுக்காரனின் பூரிப்பு. சந்தித்த வாளிக்காரர்கள் எல்லாரிடமும் அதையே கேட்டார், உன் பக்கம் எப்படி என்று. எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "என் வாளி காலிதான் கிளிஃப், ஆனா எல்லார்கிட்டயும் யாரோ வாங்கிட்டாங்க."

பன்னிரண்டு மணிக்கு ஒரு வாளிக்காரியிடமிருந்தும் அதே பதில் வந்தபோதுதான் அவர் நின்று யோசித்தார். நாற்பது வாளியும் காலி என்றால் வாங்கிய அந்த யாரோ யார்?

ஷெஃபீல்டிலிருந்து வந்திருந்த ஒரு கனத்த ஆள், மனைவி மக்களோடு கம்பளம் விரித்து உட்கார்ந்திருந்தார். ஐந்து நெஞ்சிலும் ஐந்து ஸ்டிக்கர், பெட்டியிலிருந்து அப்போதுதான் உரித்த மாதிரி பளபளவென்று. கிளிஃபர்ட் குனிந்து விசாரித்தார்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. நீங்க யாரு வாளில போட்டீங்கன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்."

"வாளியா? இது காலைல டிஃபனோட குடுத்தாங்க பெரியவரே. முட்டை, பேக்கன், தட்டு ஓரத்துல இது. ஒட்டிக்கிட்டுப் போங்க, வாளிக்காரங்க தொந்தரவு இருக்காதுன்னாங்க. ரொம்ப நல்ல மனசு அந்தம்மாவுக்கு."

"எந்த விடுதி?"

"மேட்டுத் தெருவுல. ஃபேர்ஹேவன்."

முரியலின் விடுதி.

படிக்கட்டு எண்பத்தாறு படி. அந்த முழங்காலோடு ஏறினார். தலைக்கு மேல் ஒன்பது சிவப்பு விமானங்களும் வந்து சேர்ந்து, கரை முழுக்க ஓ என்று வாயைப் பிளந்தது. பத்தொன்பது வருஷத்தில் முதல் தரமாகக் கிளிஃபர்ட் நிமிர்ந்து பார்க்கவில்லை.

விடுதி வாசலில் முரியலின் கையெழுத்தில் பலகை தொங்கியது: பால்கனி நாற்காலி, தேநீர் கேக்குடன், பதினைந்து பவுண்டு. மேலே பால்கனியில் பதினைந்து இருபது பேர். முரியல் தேநீர்த் தட்டோடு நின்றிருந்தாள்.

"முரியல், மாடிப்படிக்குக் கீழ இருந்த பெட்டி எங்க?"

"வந்ததும் வராததுமா என்ன பெட்டி? மூச்சு வாங்குது பாரு, உக்காரு."

"பெட்டி எங்கன்னு கேட்டேன்."

அவள் தட்டை வைத்துவிட்டு அவரைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள். ஃப்ரிட்ஜ் கதவில் வரிசையாக நீல விமானங்கள். மேசையில் பெட்டி பிரிந்து கிடந்தது, பாதிக்கு மேல் காலி.

"என் விருந்தாளிங்க லீவுக்கு வர்றாங்க கிளிஃப். பத்தடிக்கு ஒருத்தன் மூஞ்சில வாளியை நீட்டினா அடுத்த வருஷம் வேற ஊருக்குப் போயிடுவாங்க. அக்கம்பக்கத்து விடுதிக்காரங்களும் கேட்டாங்க, கொஞ்சம் குடுத்தேன். அட, காகிதம்தானே?"

"உன் பால்கனிக்கு மட்டும் பதினஞ்சு பவுண்டு வாங்கறே?"

"இது என் பால்கனி. பெயிண்ட் அடிக்கறது நான், டீ போடறது நான்."

"அந்த விமானத்துக்கு எண்ணெய் ஊத்தறது யாரு?"

"அதெல்லாம் நகராட்சி பாத்துக்கும். அவங்களுக்கு என்ன, இல்லாத காசா?"

"மனுவுல நீ கையெழுத்துப் போட்டியே முரியல். மண்டபத்துல தலையாட்டினியே!"

"போட்டேன். காசு வாங்கக் கூடாதுன்னுதானே போட்டேன்? அதுல நான் எங்க மாறினேன்?"

அவள் சொன்னதில் ஓட்டையே இல்லை. அவர் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த ஒரு ஸ்டிக்கரை நகத்தால் உரிப்பதைப் பார்த்து முரியலுக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தில்தான் அவள் அதையும் சொன்னாள்.

"என்னை மட்டும் ஏன் முறைக்கறே? இந்தத் தெருவுல எந்த வீட்டு ஃப்ரிட்ஜையும் போய்ப் பாரு. ராத்திரி உரிச்சு கதவுல ஒட்டி வெச்சா அடுத்த வருஷத்துக்கு ஆச்சு. வில்ஃப் பொண்டாட்டி பழசை மாவுப் பசை தடவி ஒட்டுவா. பத்து வருஷமா நடக்குது, ஊருக்கே தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியாது. எனிட்டுக்குக்கூடத் தெரியும்."

"என்ன சொன்னே?"

"தெரியும்ப்பா. அவகிட்ட நானே சிரிச்சுக்கிட்டுச் சொல்லியிருக்கேன். உங்கிட்ட சொல்ல அவளுக்கு மனசு வரல. அது ஒண்ணுதான் அவனுக்குச் சந்தோஷம், அதையும் எதுக்குக் கெடுக்கணும்னு சொன்னா."

படுக்கையில் கிடந்தபடி, போயிட்டு வா என்று அனுப்பியவளின் முகம் கிளிஃபர்டுக்கு இப்போது வேறு மாதிரி தெரிந்தது. அவள் தன்னைப் பாராட்டி அனுப்பினாளா, பாவம் பார்த்து அனுப்பினாளா? இனி யாரைப் போய்க் கேட்பது? ஊர் ஏமாற்றியதைக்கூட அவர் ஒருநாள் தாங்கிக்கொண்டிருப்பார். இது தாங்கவில்லை.

கீழே இறங்கினார். வாக்குக் கொடுத்தவர் அவர். காட்சி முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. பத்தொன்பது வருஷம் செய்யாததைச் செய்தார். ஸ்டிக்கர் ஒட்டியவர்களிடம் வாளியை நீட்டினார்.

"தயவு பண்ணி ஒரு பவுண்டு போடுங்க."

"ஒட்டியிருக்கேனே, கண்ணு தெரியலையா தாத்தா?"

"தெரியுது. இந்த வருஷம் போடுங்க."

"என்ன சொல்ல வர்றீங்க? நான் பொய் சொல்றேன்னா?"

ஒருவர் முறைத்தார். ஒருத்தி பிள்ளையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். மண்டபத்தில் அவருக்கு முதலில் கைதட்டிய ரொட்டிக்கடைக்காரர், "கிளிஃப், உன்னை மரியாதைக்காரன்னு நினைச்சேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அவர் நெஞ்சில் இருந்த ஸ்டிக்கரின் ஓரம் சுருண்டு, நடுவில் வெண்ணெய்க் கறை இருந்தது. கிளிஃபர்ட் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அரைமணி நேரத்தில் ஒளிரும் பச்சைச் சட்டை போட்ட காவல்பெண் ஒருத்தி வந்து அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"ஐயா, ஏழெட்டுப் புகார் வந்திருச்சு. விருப்பப்பட்டவங்கதான் குடுக்கணும். கட்டாயப்படுத்தக் கூடாது. வாளியைக் குடுங்க, நான் வசூல் கூடாரத்துல சேத்துடறேன். நீங்க நிழலுக்குப் போங்க."

அவளிடம் வாளியைக் கொடுத்தார். அப்பாவைப் போல மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

இரண்டு நாளும் சேர்த்து, தலைக்குப் பதினாலு பென்ஸ் விழுந்திருந்தது. செப்டம்பரில் திருமதி விண்டல் அவரைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். தேநீர் ஊற்றிக் கொடுத்தார். குத்திக்காட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் கிளிஃபர்ட் போயிருந்தார். அவர் குத்திக்காட்டவில்லை.

"மே மாசம் தேர்தல் வருது மிஸ்டர் கார்பட்" என்றார். "உங்ககிட்ட ஒளிச்சு என்ன? வேலின்னு சொன்னா நான் தோத்துடுவேன். வசூல் எவ்வளவுன்னு இன்னும் வெளிய யாருக்கும் தெரியாது. பக்கத்துல வந்துட்டோம், இன்னும் ஒரு வருஷம் பாக்கலாம்னு நான் சொல்லிக்கறேன். நீங்க ஸ்டிக்கர்ல வருஷத்தைப் போடுங்க, கலரை மாத்துங்க. என்ன சொல்றீங்க?"

கிளிஃபர்ட் கேட்டுப் போராடியது அத்தனையும் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தானாகவே நகர்ந்து வந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"வேலி எவ்வளவு உயரம்?" என்று கேட்டார் கிளிஃபர்ட்.

"என்னது?"

"போடறதா இருந்த வேலி. எத்தனை அடி?"

"ஆறடி. ஏன்?"

"எட்டடியா போடுங்க. ஆறடின்னா எட்டிப் பாப்பாங்க."

திருமதி விண்டல் கோப்பையை வைத்துவிட்டார். "நாலஞ்சு புள்ளைங்களை வெச்சிருக்கறவன் வெளிய நிப்பான்னு நீங்கதானே சொன்னீங்க? நான் அதை யோசிச்சுப் பல நாள் தூங்கலை, தெரியுமா உங்களுக்கு?"

"சொன்னேன். அது இப்பவும் நெசம்தான். ஆனா அவன் பேரைச் சொல்லிக்கிட்டு முன்வரிசையில உக்காந்திருந்தது வேற கூட்டம். அதுல என் தங்கச்சியும் ஒருத்தி." தேநீரை ஒரு வாய் குடித்தார். "சின்னப் புள்ளைங்களை மட்டும் காசில்லாம விட முடியுமா?"

"புள்ளைங்களை விட்டா வேலி போடற செலவுகூடக் கட்டாது."

இந்த இடத்தில் அவர் சண்டை போட்டிருக்கலாம். பழைய கிளிஃபர்டாக இருந்தால் மேசையைக் குத்தியிருப்பார். அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"சரி, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

வாளி தூக்கக் கிளிஃபர்ட் இல்லை என்று ஆனதும், வேலி வருவதாக நவம்பரில் அறிவித்தார்கள். கிளிஃபர்டின் வாளி சரியாக வேலை செய்யாததால்தான் வேலி வந்தது என்று ஊர் பேசியது. வாளிக்காரர்கள் பாதியை அமுக்கிவிட்டதாகக்கூட ரொட்டிக்கடையில் பேச்சு. வில்ஃப் அதைக் கேட்டுக்கொண்டு ரொட்டி வாங்கிவந்தார், மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மே மாசம் திருமதி விண்டல் தோற்றுப் போனார். வேலியை எடுப்போம் என்று ஜெயித்து வந்தவர்கள், வந்து கணக்கைப் பார்த்ததும் வேலியை வைத்துக்கொண்டார்கள். எட்டடி.

ஆகஸ்டில் கிளிஃபர்ட் முதல் ஆளாக வரிசையில் நின்று எட்டு பவுண்டு கொடுத்தார். மணிக்கட்டில் காகிதப் பட்டை கட்டி உள்ளே விட்டார்கள். போன வருஷம் கால் வைக்க இடமில்லாத கரையில் இப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குடைகள். அவர் கடலுக்கு நேர் எதிரே ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்தார்.

கிரெல்பி முழுக்க மேட்டுத் தெருவில் இருந்தது. நாற்காலி, கம்பளம், தேநீர்க் குடுவை, தொலைநோக்கி எல்லாம் மேலே போய்விட்டன. நடைபாதை நிறைந்து, சுவர்மேல் கால் தொங்கவிட்டு, வேலிக்கு மேலாக எல்லாம் தெளிவாகத் தெரியும்படி உட்கார்ந்திருந்தார்கள். முரியலின் பால்கனி நாற்காலி முப்பது பவுண்டாகியிருந்தது. ஒன்றுகூட மிச்சமில்லை. மேட்டுக்கு வழி தெரியாத வெளியூர்க் குடும்பங்கள் சிலதான் வேலியோரமாகப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றன. தோளில் ஏறியும் எட்டடிக்கு எட்டவில்லை, கடல்மேல் தாழப் பறப்பது எதுவும் தெரியவில்லை. கிளிஃபர்ட் ஒருதரம் திரும்பி அவர்களைப் பார்த்தார். அதற்கப்புறம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மேலே சுவர்மேல் இருந்த வில்ஃப் அவரை அடையாளம் கண்டு, இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு கத்தினார்.

"கிளிஃப்! ஓய் கிளிஃப்! அங்க உக்கார எவ்வளவுய்யா குடுத்தே?"

"எட்டு பவுண்டு!"

சுவர் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. முரியல் பால்கனியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பைத்தியக்காரா! மேல வா, இங்க ஓசி! இதே விமானத்துக்கு எட்டு பவுண்டா?"

கிளிஃபர்ட் பெஞ்சில் இருந்து எழுந்து நின்று, மேட்டைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினார்.

"விமானத்துக்கு இல்லடா! உங்களோட உக்காராம இருக்கறதுக்கு!"

அதே நேரம் முதல் ஜெட் கடலிலிருந்து தாழ்ந்து வந்து எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிட்டுப் போனது. வில்ஃப் காதுக்குப் பின்னால் கையை வைத்து, என்ன சொன்னே என்று தலையை ஆட்டிக் கேட்டார். கிளிஃபர்ட் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.